கமாண்டர் கால்வேர்த்துக்கு வந்த கடிதங்கள்

2024 செப்ரெம்பர் 3, செவ்வாய்

இன்று நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர், சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு தமிழ் அம்மா சொன்னதை முழுக்கச் சொல்லத் தேவையில்லை, சுருக்கினால் போதும் என்றார். இருபத்திரண்டு வருடமாக நான் உரைபெயர்ப்பாளர். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, மாற்றக் கூடாது என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். நீதிபதியிடம் திரும்பி, சுருக்குவது என் வேலை இல்லை என்று சொன்னேன். வழக்கறிஞரின் முகம் சிவந்தது. சிவக்கட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் ராகுலன் அழைத்தான். எனக்குப் பாதி வேலை அவனுடைய மொழிபெயர்ப்பு நிறுவனத்தால்தான் வருகிறது. பதினொரு பழைய தமிழ்க் கடிதங்களை ஆங்கிலத்தில் தர வேண்டுமாம். எப்போதோ இறந்துபோன ஒரு பிரித்தானியப் பட இயக்குநருக்கு இலங்கையிலிருந்து வந்த ரசிகர் கடிதங்களாம். "சுகமான வேலை அக்கா. கோட்டில மாதிரி இதில ஒருத்தரும் அழமாட்டினம்," என்றான்.

செப்ரெம்பர் 6, வெள்ளி

றோஸ்டேலில், மரங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வீடு. கதவைத் திறந்தவர் பெனலபி, எழுபத்தேழு வயது, இயக்குநரின் ஒரே மகள். ரொறன்ரோவுக்கு வந்து ஐம்பது வருடமாகிறதாம். உள்ளே கிரெக் இருந்தான். அவன்தான் இயக்குநரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவன்.

சுவரில் தகப்பனின் படம். எட்மண்ட் கால்வேர்த். வெள்ளைச் சீருடை, தொப்பி, கொஞ்சம் சிரிக்கிற வாய். கிரெக் எனக்கு அவருடைய முழு வரலாற்றையும் சொன்னான். இருபத்தொரு வயதில் கடற்படை. யுத்தத்தில் கண்ணிவெடி அகற்றும் கப்பல். அது குண்டுபட்டு மூழ்கியபோது எண்ணெய் மிதந்த கடலில் நீந்தி ஐந்து பேரை இழுத்து வந்து பதக்கம் வாங்கியவர். பிறகு இரண்டு வருடம் திருகோணமலையில். கடற்படைக்காகச் செய்திப்படம் எடுக்கிற பிரிவில் கமரா பிடிக்கப் பழகியது அங்கேதான். யுத்தம் முடிந்து லெப்டினன்ட் கமாண்டராக விலகிய பிறகு ஏழு படங்கள். மூன்றாவது படத்துக்காக 1953இல் மறுபடி திருகோணமலைக்குப் போய், பழைய கடற்படைச் சிநேகிதர்களிடம் கப்பல் கேட்டு வாங்கி, ஒரு கப்பல் மூழ்குவதை எடுத்தார். அந்தப் படம்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதில் ஒரு மனிதன் தண்ணீரில் கையை உயர்த்துகிற காட்சியை இன்றைக்கும் சினிமா படிக்கிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்களாம்.

கடிதங்கள் அவருடைய தொப்பிப் பெட்டிக்குள் இருந்தனவாம். உறைகளில் விலாசம் மட்டும் ஆங்கிலம். உள்ளே என்ன இருக்கிறதென்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. "அந்தத் தீவு அவரை எவ்வளவு நேசித்தது" என்று ஒரு பகுதி வைக்கப் போவதாகக் கிரெக் சொன்னான். உள்ளடக்கத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினான். பெனலபி எலுமிச்சைக் கேக் வெட்டித் தந்தார். நல்ல மனுசி மாதிரித்தான் இருந்தது. பிரதிகளையும் படத்தின் டிஸ்க்கையும் கொண்டு வந்தேன்.

செப்ரெம்பர் 7, சனி

முதல் கடிதம். 1953 டிசம்பர் 9.

"கனம் துரை அவர்களுக்கு, திருகோணமலையிலிருந்து ஆக்னேஸ் எழுதிக்கொள்வது. என் புருஷன் சவிரிமுத்து, சங்கு குளிக்கிறவர், உங்கள் கப்பல் படத்து வேலைக்கு வந்தவர். போன மாதம் வேலைக்கென்று வெளிக்கிட்டவர் இன்னும் வீடு வரவில்லை. கங்காணியைக் கேட்டால் கப்பலேறிப் போய்விட்டார் என்கிறார். அவர் சுகமாக இருக்கிறாரா என்று ஒரு வரி எழுதவும்."

ரசிகர் கடிதமாம்.

செப்ரெம்பர் 9, திங்கள்

இரண்டும் மூன்றும் அதே கேள்வி. ஒரு வரி எழுதவும், ஒரு வரி எழுதவும்.

செப்ரெம்பர் 12, வியாழன்

ஆக்னேசுக்கு எழுதத் தெரியாது. யாரிடமோ சொல்லிச் சொல்லி எழுதுவித்திருக்கிறாள். ஒவ்வொரு கடிதத்திலும் வேறு கையெழுத்து. எழுதித் தர ஆள் கிடைத்த நேரமெல்லாம் எழுதியிருக்கிறாள்.

நான்காவது, 1955. இதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"கொழும்புக்குப் போய் வந்த அந்தோனி உங்கள் படம் பார்த்தாராம். என் புருஷன் தண்ணீரில் நின்று கையை உயர்த்துகிறார், முகம் தெளிவாகத் தெரிகிறது என்றார். அப்படியென்றால் அவர் உங்களோடுதான் இருக்கிறார். நீங்கள் கூட்டிக்கொண்டு போன மனுசனை நீங்கள்தான் திருப்பி அனுப்ப வேண்டும். மகளுக்கு நாலு வயது. தகப்பனின் முகம் தெரியாது."

ஐந்தாவதிலிருந்து விலாசம் மாறுகிறது. மன்னார், பேசாலை. தாய்வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள் போல.

செப்ரெம்பர் 13, வெள்ளி

பின்னேரம் என் மனுசன் கிளிபோட் பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் இருவருமாக டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தோம். நல்ல படம். பொய் சொல்ல மாட்டேன், கடலை அப்படி எடுத்து நான் கண்டதில்லை. பாதிப் படத்தில் கப்பல் சரிகிறது. ஆட்கள் குதிக்கிறார்கள். ஒருவனுடைய முகம் கிட்டத்தில் வருகிறது. கறுத்த, ஒல்லியான இளம் ஆள். நெற்றியில் மயிர் ஒட்டியிருக்கிறது. நேரே கமராவைப் பார்க்கிறான். கை மேலே வருகிறது. வாய் திறக்கிறது. அலை. அவ்வளவுதான், ஆறு ஏழு செக்கன். அடுத்து மேல்தளத்தில் நிற்கும் கப்டனின் கவலை தோய்ந்த முகம். அவருக்குத்தான் இசை.

"நல்லா நடிச்சிருக்கிறான்," என்றார் கிளிபோட்.

நான் நிறுத்தித் திரும்பப் போட்டேன். மூன்று தரம் பார்த்தேன். கமராவுக்குப் பின்னால் நிற்கிற யாரையோ அவன் கூப்பிடுகிறான். நடிக்கிறவன் அப்படிக் கூப்பிட மாட்டான். நாள் முழுக்கப் பொய் சொல்கிறவர்களையும் உண்மை சொல்கிறவர்களையும் பக்கத்தில் நின்று பார்க்கிறவள் நான்.

செப்ரெம்பர் 17, செவ்வாய்

இன்று கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

பிரதி எடுத்தவன் நான்காவது கடிதத்தின் பின்பக்கத்தையும் எடுத்திருக்கிறான். அங்கே ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் தட்டச்சு. திருகோணமலைத் துறைமுக அலுவலகத்தில் யாரோ சிநேகிதர். கால்வேர்த் இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். பதில் இதுதான்:

"மூழ்கிய சுழியோடியின் மனைவி எழுதியது. நவம்பர் 14ஆம் தேதி, இரண்டாம் தடவை எடுக்கும்போது நடந்தது அவளுக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரன் ஊரில் வேறு கதை சொல்லிவைத்திருக்கிறான். உங்கள் படத்தில் அவனைக் கண்டதால் உயிரோடிருப்பதாக நம்புகிறாள். உடல் கிடைக்கவில்லை என்பதையாவது எழுதிவிடுவது நல்லது."

அதற்குக் கீழே பென்சிலில், கால்வேர்த்தின் கையெழுத்து: "பதில் எழுதுவதா? எல். வேண்டாமாம். காட்சி இருக்கட்டும்."

காட்சி இருக்கட்டும்!

அப்ப தெரியும். எல்லாம் தெரியும். ஒரு மனுசன் கமராவுக்கு முன்னால தண்ணிக்குள்ள தாண்டு சாகிறான், அதை வெட்டாமல் படத்தில போட்டு உலகம் முழுக்கக் காட்டிப் பேர் வாங்கி, பெண்சாதி வருசக் கணக்கில கெஞ்சிக் கெஞ்சி எழுத, கடிதத்தையும் எறியாமல் தொப்பிப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறான். எறிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. வைச்சிருந்திருக்கிறான். எண்ணெய்க் கடலில ஐஞ்சு பேரை இழுத்தவனாம். ஆறாவது ஆளுக்கு என்ன குறை? கறுப்பெண்டோ? கூலியெண்டோ?

கிளிபோட் எட்டிப் பார்த்துவிட்டு ரீ போட்டுத் தந்தார். குடிக்கவில்லை.

செப்ரெம்பர் 18, புதன்

பத்துக் கடிதங்களின் மொழிபெயர்ப்பையும், பின்பக்கத் தாளைப் பற்றிய குறிப்பையும் கிரெக்குக்கு அனுப்பினேன். பதினோராவது மிச்சம். அதன் மை மிகவும் மங்கிவிட்டது.

செப்ரெம்பர் 20, வெள்ளி

கிரெக் அழைத்தான். குரலில் சர்க்கரை. மொழிபெயர்ப்பு அருமையாம், ஆனால் "கொஞ்சம் கடுமையாக" இருக்கிறதாம். "நீங்கள் கூட்டிக்கொண்டு போன மனுசனை" என்பதை "உங்களிடம் வேலை செய்த என் கணவரை" என்று வைக்கலாமா? "திருப்பி அனுப்ப வேண்டும்" என்பதை "தகவல் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்" என்று வைக்கலாமா?

அவள் நன்றி என்ற சொல்லை ஒரு இடத்திலும் எழுதவில்லை என்றேன்.

பின்பக்கத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறபடியால் அது என் வேலையில் அடங்காது, அதை மறந்துவிடும்படி சொன்னான். பெனலபிக்கு இதெல்லாம் தெரியவேண்டாமாம். வயதான மனுசியாம்.

ஆக்னேசுக்கும் ஒருநாள் வயது போயிருக்குமே. அவவின்ர வயதை எவன் பார்த்தவன்?

செப்ரெம்பர் 24, செவ்வாய்

ராகுலன் நேரில் வந்தான். கோப்பிக் கடையில் உட்கார வைத்துப் புத்தி சொன்னான். "அக்கா, நாங்கள் ஒரு பைப். ஒரு பக்கத்தால வாறதை மற்றப் பக்கத்தால விடுறம். அவ்வளவுதான்."

"அவன் பைப்பை அடைக்கச் சொல்லுறான் ராகுலன்."

நாலு சொல்லை மாற்றுவதால் செத்தவன் திரும்பி வரப் போகிறானா என்று கேட்டான். மாற்றாவிட்டால் இனி வேலை தருவது கஷ்டம் என்பதையும், கோப்பியைக் கலக்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னான்.

செப்ரெம்பர் 25, புதன்

ஒரு சொல்லும் மாற்றாமல் திருப்பி அனுப்பினேன்.

செப்ரெம்பர் 28, சனி

பூதக்கண்ணாடி வைத்து, பதினோராவதை இன்று வாசித்து முடித்தேன். 1962. கோடு போட்ட கொப்பித் தாள். எழுத்துகள் பெரிது பெரிதாக, கோட்டைத் தாண்டாமல். "இதை எழுதுவது மகள், ஆறாம் வகுப்பு" என்று தொடங்குகிறது. தாய் சொல்வதை எழுதிக்கொண்டே போய், கடைசியில் தாய் சொல்லாத ஒன்றைத் தானாக எழுதியிருக்கிறாள்:

"அப்பா, உங்களுக்கு வர விருப்பமில்லை என்றால் வரவேண்டாம். அம்மாவுக்கு மட்டும் எழுதுங்கள்."

அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

கணக்குப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது எழுபத்து மூன்று. உயிரோடு இருக்கலாம். இந்த நகரத்திலேயே இருக்கலாம். பேசாலை ஆட்கள் ஸ்காபரோவில் இல்லாமலா?

கிளிபோட்டிடம் சொன்னேன். "இஞ்ச பாரும், நீர் கையெழுத்து வைச்சிருக்கிறீர். கோட்டுக்கு இழுப்பாங்கள்," என்றார்.

"ஒவ்வொரு நாளும் அங்கதானே போறன்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒக்ரோபர் 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் எங்கள் பங்குத் தந்தை லெஸ்லி சுவாமி அறிவித்தார். காரணம் சொல்லாமல்தான் கேட்டிருந்தேன்: பேசாலையில் ஆக்னேஸ், சங்கு குளிக்கிற சவிரிமுத்துவின் மனைவி, அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இருந்தால் மக்டலீனோடு, அதாவது என்னோடு, கதைக்கவும்.

வாசலில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். பெயர் மெலனி. "ஆக்னேஸ் எண்டது என்ர மாமியின்ர அம்மா. ஏன் கேக்கிறீங்கள்?"

இவ்வளவு சுலபமா? சுவாமி அறிவிக்க ஒரு நிமிடம் பிடித்தது. அவங்களுக்கு எழுபத்தொரு வருசம் போதாமல் போச்சுதாம்.

ஒக்ரோபர் 9, புதன்

ரூஜ், ஸ்காபரோவின் ஓரம். ஒரே மாதிரி வீடுகள் நிற்கும் புதுத் தெரு. மாமியாரின் பெயர் அருள்மலர். சின்ன உருவம், நிமிர்ந்த முதுகு. குசினி மேசையில் மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தத்தை மீறக் கூடாது, ஆளைப் பார்த்துவிட்டு வருவோம், பிறகு சட்டப்படி என்ன செய்யலாம் என்று யோசிப்போம். இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். உங்கள் தகப்பன் சவிரிமுத்துவைப் பற்றி என்று தொடங்கியதும் அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளின்ர பேரை இந்த வீட்டில எடுக்கிறேல்ல, பிள்ளை. சீமைக்குப் போய் வெள்ளைக்காரியோட இருந்தவன். சினிமாவில நடிச்சவனாம். அம்மா சாகுமட்டும் தாலி கழட்டேல்ல. சனம் சிரிச்சது. என்ர கலியாணத்தில தகப்பன்ர இடத்தில நிக்க ஆள் இல்லை. எங்க எண்டு கேட்டவைக்குச் செத்திட்டார் எண்டு நான்தான் பொய் சொன்னனான்."

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கையெழுத்தும் மண்ணாங்கட்டியும்.

"அன்ரி, அவர் எங்கையும் போகேல்ல."

"என்ன?"

"அந்தப் படம் எடுக்கேக்க கடலில தாண்டு போனார். 1953 நவம்பர் பதினாலு. உடம்பு கிடைக்கேல்ல."

மேசையில் கிடந்த தோல்களை ஒரு பக்கமாகக் கூட்டினார். மெதுவாக, ஒரு துண்டு விடாமல். பிறகு, யார் சொன்னது என்றார். துரையின் கடதாசியில் இருக்கிறது என்றேன்.

"துரைக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப தொட்டு?"

"அண்டைக்கே."

தோல்களை அள்ளிக் குப்பை வாளியில் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரைத் திட்டினனான்?"

 அடுத்த நிமிடம் கோபம் என் மேல் திரும்பியது. "இப்ப ஏன் வந்தனீங்கள்? அம்மா தொண்ணூற்றெட்டாம் ஆண்டு செத்தவ. அவ இருக்கேக்க வந்திருந்தா அவவுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம். எனக்கு இதை வைச்சு என்ன செய்ய?" மெலனி அவர் தோளைத் தொட்டாள். தட்டிவிட்டார்.

பதினோராவது கடிதத்தின் பிரதியைக் கைப்பையில் கொண்டுதான் போயிருந்தேன். கொடுக்கவில்லை. கொடுக்கப் பயமாக இருந்தது.

ஒக்ரோபர் 10, வியாழன்

மெலனி செய்தி அனுப்பினாள். மாமி நேற்றிலிருந்து யாரோடும் கதைக்கவில்லையாம்.

நான் செய்தது சரியா? எனக்கு ஆத்திரம் தீர வேண்டும் என்று ஒரு வயதான மனுசியின் குசினிக்குள் போய்க் குண்டு போட்டேனா? தெரியாது. ஆனால் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் அந்தத் தொப்பிப் பெட்டிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

ஒக்ரோபர் 16, புதன்

பெனலபியிடம் போனேன். கிரெக்கைக் கேட்கவில்லை. பதினொரு மொழிபெயர்ப்பையும் மேசையில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தார். நான்காவதில் நிறுத்தி, தன் தகப்பனுக்குத் தமிழ் தெரியாது, பாவம், இதெல்லாம் அவருக்கு விளங்கியிருக்காது என்றார்.

பின்பக்கப் பிரதியைத் தள்ளிவைத்தேன்.

அதை வாசிக்க அவருக்கு நேரம் எடுத்தது. அந்தப் படத்துக்குப் பிறகு தகப்பன் கடலில் படமே எடுக்கவில்லை, மிச்சம் நாலும் தரையில்தான், கடற்கரைக்குக்கூட எங்களைக் கூட்டிப் போனதில்லை என்றார். நான் அதற்கு இரங்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு மகள் ரூஜில் உயிரோடு இருக்கிறார், அவரையும் ஒருவரும் கடற்கரைக்குக் கூட்டிப் போகவில்லை என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் குரல் உயர்த்தியிருக்க மாட்டார்கள்.

தயவுசெய்து போய்விடுங்கள் என்றார். போய்விட்டேன்.

ஒக்ரோபர் 18, வெள்ளி

ராகுலனின் மின்னஞ்சல். மூன்று வரி. இனி அவனுடைய நிறுவனத்தில் எனக்கு வேலை இல்லை. கீழே "அன்புடன்" என்று வேறு போட்டிருக்கிறான்.

ஒக்ரோபர் 30, புதன்

பெனலபி தொலைபேசியில்.  எடுத்ததுமே சொன்னார்: "எல்." என்பது லோர்னா, தன்னுடைய அம்மா.

அந்த அம்மா ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போனவராம், தெருவில் அடிபட்ட நாயைக்கூட வீட்டுக்குத் தூக்கி வருகிறவராம். இரண்டு கிழமையாகப் பெனலபி அதையே யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

கடிதங்களைக் கிரெக்கின் படத்திலிருந்து எடுத்துவிட்டதாகவும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடி மறைக்கத்தானே என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. அந்தக் கடிதங்கள் கிரெக்குக்கு எழுதப்பட்டவை அல்ல, என்னுடையவையும் அல்ல, அந்த மகளின் விலாசம் வேண்டும் என்றார்.

மகளைக் கேட்காமல் தர மாட்டேன் என்று வைத்துவிட்டேன். அருள்மலர் அன்ரியை அழைத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் குரல். யோசித்துவிட்டுச் சொன்னார்: "கடிதம் வரட்டும். அவ வரவேண்டாம்."

நவம்பர் 3, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ரூஜுக்கு வரும்படி அன்ரியே கூப்பிட்டார். பெட்டி வெள்ளிக்கிழமை வந்துவிட்டதாம். மூலக் கடிதங்கள் பதினொன்றும், பின்பக்கத் தாளும். அவற்றின் மேல் பெனலபி எழுதிய ஒரு பக்கம், ஆங்கிலத்தில். பேரப்பிள்ளைகளிடம் கேட்காமல் எனக்காக வைத்திருந்திருக்கிறார். "நீங்கள் வாசியுங்கோ. இருக்கிறதை அப்பிடியே சொல்லுங்கோ," என்றார்.

அப்படியே சொன்னேன்.

"திருமதி ஆக்னேஸ் சவிரிமுத்துவின் மகளுக்கு. உங்கள் தகப்பன் 1953 நவம்பர் 14ஆம் தேதி, என் தகப்பனிடம் வேலை செய்துகொண்டிருந்தபோது, திருகோணமலையில் கடலில் மூழ்கி இறந்தார். முதல் தடவை எடுத்தது சரிவராததால் இரண்டாம் தடவையும் தண்ணீரில் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். உடல் கிடைக்கவில்லை. என் தகப்பனுக்கும் தாய்க்கும் இது தெரிந்திருந்தது. உங்கள் தாய் கேட்டு எழுதியபோது அவர்கள் பதில் எழுதவில்லை. அது தவறு. இது அந்தப் பதில். மன்னிப்புக் கேட்கிறேன், அதை நீங்கள் தரவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை."

அன்ரி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு பக்கம். இதை எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பத்து நிமிடம்? 1955இல் பத்து நிமிடம் இல்லையா அவங்களுக்கு?

தன் கடிதத்தை அன்ரி தானே எடுத்தார். கொப்பித் தாள். கடைசி வரியை விரலால் தடவி, "இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதினனான். விலாசம் எழுத மூண்டு உறை பழுதாக்கி அடி வாங்கினனான்," என்றார்.

பிறகு படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மெலனியின் கணவன் ரிவியில் போட்டார். அவர்தான் அன்ரியின் மகன், பெயர் ஜூலியஸ். நேரே அந்தக் காட்சிக்குப் போனோம். முகம் வந்த இடத்தில் அன்ரி கை காட்ட, நிறுத்தினார். அலை இன்னும் வரவில்லை.

எழுபத்து மூன்று வயது மகள், இருபத்தாறு இருபத்தேழு வயதுத் தகப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரிவிக்குக் கிட்டப் போனார். திரும்பி ஜூலியஸைப் பார்த்தார். மறுபடி ரிவியை.

"நெத்தி இவனுக்கு அப்பிடியே வந்திருக்கு," என்றார்.

மிச்சத்தை ஓட விடவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

கிரெக்கின் ஆவணப்படத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. "கடலின் கவிஞர்: கால்வேர்த்." கீழே படம் — அந்தக் கை. தண்ணீரிலிருந்து உயர்ந்து நிற்கிற அந்தக் கை!

உவங்களுக்கு வெக்கமே இல்லையோ.

பெனலபிக்கு அந்தப் படத்தை மட்டும் அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 11, திங்கள்

பதினொரு மணிக்கு நீதிமன்றத்தில் எல்லோரும் எழுந்து நின்றோம். எல்லோர் நெஞ்சிலும் பொப்பிப் பூ. யுத்தத்தில் இறந்தவர்களுக்கு. எனக்கு அந்த ஐந்து பேரின் நினைவு வந்தது. எண்ணெய்க் கடலிலிருந்து இழுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் கால்வேர்த் நல்லவர்தான். அதுவும் பொய் இல்லை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு எரிகிறது.

பின்னேரம் பெனலபியின் பதில். அந்தக் காட்சியின் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருக்கிறதாம், தன்னால் தடுக்க முடியவில்லையாம். தான் ஆவணப்படத்தின் வெளியீட்டு விழாவுக்குப் போகவில்லையாம். சவிரிமுத்து என்ற பெயரைப் படத்தின் முடிவில் போடக் கேட்டாராம். பார்க்கலாம் என்றானாம் கிரெக்.

பார்க்கலாமாம்.

நவம்பர் 14, வியாழன்

இன்று கிளிபோட் லீவு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஆறு மணிப் பூசைக்கு முன், லெஸ்லி சுவாமி கோவில் பின் அறையில், பூசையில் நினைவுகூரும் பெயர்களை எழுதுகிற பெரிய கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். அருள்மலர் அன்ரி கறுப்புச் சேலை. மெலனியும் ஜூலியஸும் பின்னால் நின்றார்கள்.

யாருடைய ஆன்மாவுக்காக என்று சுவாமி கேட்டார்.

"சவிரிமுத்து. என்ர அப்பா."

எப்போது இறந்தார் என்று கேட்டார். அன்ரி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

"1953 நவம்பர் பதினாலு. இண்டைக்கு எழுபத்தொரு வருசம்."

சுவாமி நிமிர்ந்து பார்த்தார். அப்போது அன்ரிக்கு இரண்டு வயதுதான் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்திருப்பார். என்ன நடந்தது, ஏதும் நோய் வருத்தமா என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை சுவாமி. வேலை செய்யேக்க கடலில செத்தவர். வீட்டை வாறதுக்குத்தான் இருந்தவர்."

சுவாமி பேனையை எடுத்து எழுதிக்கொண்டார்.